குழல் காலியாக இருந்த நாள்

கண்ணு,

இதில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் நான் போட்டது. நம் வீட்டில் இதுவரை எழுத்து வேலை எல்லாம் உன் அம்மாவுடையது. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் அல்லவா? ரேஷன் கடைப் படிவத்திலிருந்து உன் கல்லூரி விண்ணப்பம் வரை அவள்தான் எழுதினாள். நான் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இப்போது ஒன்பது நாளாக நான் எழுதுகிறேன், அவள் வந்து வந்து எட்டிப் பார்க்கிறாள். நான் கையால் மறைத்துக்கொள்கிறேன். "ஏனுங்க, அப்பிடி என்னதான் எழுதறீங்க? அரைப் பக்கத்துக்கு ஒரு நாளு ஆகுது. நீங்க முடிக்கறதுக்குள்ள அவ பென்சன் வாங்கிப்போடுவா" என்கிறாள். சொல்லட்டும். மாலை வகுப்பில் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. போன வாரம் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வந்த பஸ்ஸின் பலகையை நானே கூட்டிப் படித்து, அது மலையடிவாரத்துக் குப்பனூர் வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்து, பக்கத்தில் நின்றவரிடம் அவர் கேட்காமலேயே சொன்னேன். "எனக்கும் தெரியுதுங்க பெரியவரே" என்றார். அவருக்குத் தெரிவதில் என்ன அதிசயம்? எனக்குத் தெரிகிறதே!

வீட்டுச் சுவரில் உன் அம்மா மாட்டி வைத்திருக்கும் சான்றிதழையும் படித்துவிட்டேன். சுடுதளத்தில் பாதுகாப்பு அதிகாரியாக நிற்க நீ தேறியதற்குக் கொடுத்த காகிதம் அது. ஆறு வருடம் அதைத் தூசி தட்டியிருக்கிறேன், எந்தப் பக்கம் மேலே என்பதுகூட அதிலிருந்த சிவப்பு முத்திரையை வைத்துத்தான் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இருப்பது இன்னும் புரியவில்லை. ஆனால் கீழே தமிழில் உன் பெயரும், அதற்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்கின்றன. என் பெயரை நான் அச்சில் படித்தது அதுதான் முதல் தடவை. அது உன் பெயரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் காகிதத்தைப் படித்து மூன்று நாள்கூட ஆகவில்லை, உன் போன் வந்தது. நீ அம்மாவிடம் பேசினாய். அவள் போனைச் சத்தமாக வைத்திருந்தாள், நான் அடுப்படியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டேன். உன் துப்பாக்கி கிளப்பில் போட்டி நடந்த அன்று, பழைய ரிவால்வர் வரிசையில் ஒரு பெரிய மனிதர் சுட்டுக்கொண்டிருந்தார் என்றாய். அவருடைய ஒரு வெடி மட்டும் சத்தம் குறைவாக இருந்ததாக உனக்குப் பட்டது. வெடிமருந்து இல்லாத தோட்டாவாக இருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். நீ "நிறுத்துங்க" என்று கத்திவிட்டாய். சுடுதளம் முழுவதும் நின்றுவிட்டது. அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குச்சியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தாய். குச்சி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய மனிதருக்குக் கவனம் கலைந்து, மிச்சக் குண்டுகள் எல்லாம் எங்கெங்கோ போய், பரிசும் கைவிட்டுப் போனது. "வெடிச் சத்தத்துக்குப் பயப்படற பொண்ணைக் கொண்டாந்து இங்க நிறுத்துனா இப்பிடித்தான்" என்று அவர் சொல்ல, நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் உன்னோடு வேலை பார்க்கிறவர்களும் இருந்தார்கள் என்று சொல்லும்போது உன் குரல் இறங்கியது.

பிறகு நீ சொன்னதுதான் என்னை இங்கே உட்கார வைத்தது. சுடுதளத்தில் நிற்கிறாயா, ஸ்டோருக்குப் போகிறாயா என்று முதல் தேதிக்குள் சொல்லும்படி செக்ரட்டரி கேட்டிருக்கிறார். நீ ஸ்டோர் என்று சொல்லப் போவதாகச் சொன்னாய். "என் காதையே என்னால நம்ப முடியலம்மா. அடுத்த தடவை கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்கு அங்க நிக்காம இருக்கறதே மேல்" என்றாய். உன் அம்மா, "போவுது உடு கண்ணு, ஸ்டோருன்னா வெயில்ல நிக்க வேண்டியதில்லை, நல்லதுதான்" என்றாள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வந்திருந்தால், நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைப் போனில், அடுப்பில் பால் பொங்கும்போது, அவசரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. உனக்கு எழுதினாலும் இது உனக்கு மட்டுமானது இல்லை. உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் காட்டு, செக்ரட்டரிக்குக் காட்டு, சிரித்தவர்களுக்கும் காட்டு. என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை.

எஸ்டேட் முதலாளியை உனக்குத் தெரியும். உனக்கு நினைவு தெரிந்தபோது அவர் கிழவராகிவிட்டார். இடது கையில் இரண்டு விரல் பாதி இருக்காது. நீ ஐந்து வயதில் அவரிடம், "தாத்தா, உங்க வெரலு எங்க?" என்று கேட்டாய். "மலைக்குருவி கொத்திட்டுப் போயிருச்சு கண்ணு" என்றார். ஒரு வாரம் நீ குருவியைக் கண்டால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாய். பெரியவளான பிறகு, துப்பாக்கி வெடித்துப் போன விரல் என்று ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டாய். அது எப்படி வெடித்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவருக்கு ரிவால்வரில் குறி பார்த்துச் சுடுவதில் பித்து. லைசென்ஸ் இருந்தது, பயிற்சிக்காகத் தோட்டா தயார் செய்துகொள்ள அனுமதிக் காகிதமும் இருந்தது. கடைத் தோட்டாவில் சுட்டால் கை உதறும், அவரிடம் இருந்த பழைய துப்பாக்கியும் அதைத் தாங்காது. அதனால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துவைத்து, மருந்துக்குத் தீப்பொறி தரும் கேப்பை அதில் புதிதாக அடித்து, கொஞ்சமாக மருந்து போட்டு, ஈயத்தில் வார்த்த குண்டைச் செருகி, வேகம் குறைந்த மெல்லிய தோட்டாவாகச் செய்துகொள்வார். அதில் குண்டு வார்ப்பது என் வேலை. காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்ட வந்த என்னை, "இவனுக்குக் கை நடுங்காது" என்று அவரே தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

நல்ல வேலை அது கண்ணு, இப்போது நினைத்தாலும் கை ஆசைப்படுகிறது. பழைய குழாய் ஈயத்தை உருக்கினால் மேலே சாம்பல் நிறத்தில் அழுக்கு மிதக்கும். நம் மலைத்தேன் மெழுகில் ஒரு துண்டு போட்டால் அழுக்கெல்லாம் ஒதுங்கி, கீழே கண்ணாடி மாதிரி ஈயம் தெரியும். அதை அகப்பையில் மொண்டு அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு சூடேறும்வரை வார்க்கும் குண்டுகள் கிழவன் முகம் மாதிரி சுருக்கம் விழுந்து வரும். அவற்றை மறுபடி சட்டியிலேயே போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு போன பிறகு ஒன்று வரும், சுற்றிலும் கூரான விளிம்போடு, வெள்ளிக்காசு போல. பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. ஈயத்தில் விழுந்தால் சட்டியே எகிறும். நான் முதன்முதலில் எடுத்துப் போனது உன் அம்மாவின் வாணலி. கல்யாணம் ஆகி இரண்டு மாதம். அதில் ஈயம் உருக்கினேன் என்று தெரிந்ததும் அதைச் சரிவில் தூக்கி எறிந்துவிட்டு, "இனிமே கையைப் புளி போட்டுக் கழுவிட்டு, குளிச்சுட்டுத்தான் ஊட்டுக்குள்ள வரோணும்" என்று உத்தரவு போட்டாள். ஈயத்தில் விஷம் இருக்கிறது என்று அவள் எங்கே படித்தாளோ. அந்த உத்தரவு எத்தனை நல்லது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வாணலிக் கதையை அவள் இன்னும் விடவில்லை.

மெல்லிய தோட்டாவில் ஒரு தொல்லை உண்டு. உனக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும், உன் கிளப்பிலும் பழைய ரிவால்வருக்கு அப்படித்தானே செய்கிறார்கள். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மருந்து கொஞ்சம்தான் என்பதால் அது கூட்டின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். நிறையப் போடும் தோட்டா என்றால் போடாமல் விட்டது பார்த்தவுடன் தெரியும். இதில் தெரியாது. அதனால் நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். ஐம்பது குழி போட்ட பலகை. மருந்து போடாத கூடு வாய் கவிழ்ந்து நிற்கும், போட்டது நிமிர்ந்து நிற்கும். முதலாளி தராசில் நிறுத்துத் தருவார், நான் ஒரு கூட்டை நிமிர்த்தி அதில் கொட்டுவேன். எல்லாம் முடிந்ததும், குண்டைச் செருகுவதற்கு முன், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதுவும் என் வேலை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே இருந்த சவுக்கு மரம்கூடத் தெரியவில்லை. சேலத்திலிருந்து முதலாளியின் நண்பர்கள் மூன்று பேர் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் சுட்டுக்காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை, அதனால் வேலை ஓட்டமாக நடந்தது. அவர் மருந்தை நிறுக்கும்போதே நான் அடுத்த கூட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டேன், வேகமாக முடிக்கலாம் என்று. அப்போது எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வாசலில் நின்று, "ஜீப்பு வந்துருச்சுங்க ஐயா" என்றார். முதலாளி எழுந்து போய், வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு, திரும்பி வந்து நிறுக்க ஆரம்பித்தார். நான் கைப்பழக்கத்தில் இன்னொரு கூட்டை நிமிர்த்தினேன். முன்பே நிமிர்த்தி வைத்தது காலியாகவே நின்றது. அதனால் பெரிய மோசம் இல்லை, டார்ச் அடித்தால் தெரிந்திருக்கும். எடுத்து அடித்தேன். பேட்டரி தீர்ந்துபோய் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. கூட்டின் வாய் தெரிந்ததே தவிர அடி தெரியவில்லை. புது பேட்டரி ரைட்டரின் ஆபீஸ் அறையில் இருந்தது, முப்பது அடி தூரம். தன் வேலை முடிந்து நண்பர்களிடம் போயிருந்த முதலாளி முன்பக்கமிருந்து குரல் கொடுத்தார், "ஆச்சாப்பா?" நான் "ஆச்சுங்க" என்றேன்.

அவர் சுடும்போது யாரும் பேசக் கூடாது. அது அந்த இடத்தின் சட்டம். ஒரு முறை நான் இருமிவிட்டேன். "இருமறதா இருந்தா குப்பனூருக்குப் போயி இருமிட்டு வாப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு நான் அங்கே தும்மியதுகூட இல்லை. அன்று மண்மேட்டுக்கு முன்னால் அட்டையை நிறுத்திவிட்டு, நான் அவருக்கு இடது பக்கம் தள்ளி நின்றேன். நண்பர்கள் பின்னால். அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, இடது கையால் முன்பக்கம் தாங்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சுட்டார். மூன்று வெடி நன்றாக வெடித்தது, மூன்று முறை மண்மேட்டில் தூசி எழுந்தது. நாலாவது, "டுப்" என்றது. காப்பிப் பழம் ஓட்டின்மேல் விழுந்த மாதிரி. மண்மேட்டில் தூசி இல்லை.

எனக்குக் கேட்டது கண்ணு. ஐயமே இல்லாமல் கேட்டது. அட்டையில் புதிய ஓட்டை இல்லை என்பதும் தெரிந்தது. காலியான கூடு எது, ஏன், என்று எல்லாம் அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஒரு மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துவார். "ஐயா" என்று ஒரு சொல் சொல்ல அந்த நேரம் போதும். இரண்டு சொல் சொல்லவும் போதும். நான் சொல்லவில்லை. பேசக் கூடாது என்ற சட்டம் ஒரு காரணம். பட்டணத்து ஆட்கள் முன்னால் முதலாளியை நிறுத்த நான் யார் என்பது இன்னொரு காரணம். ஒருவேளை என் காது தப்பாக இருந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்பதும் இருந்தது. இவை எல்லாம் நான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டவை. உண்மையான காரணம் இன்னொன்று. வாயைத் திறந்தால், டார்ச் அடித்துப் பார்க்காதது வெளியே வந்துவிடும். அவர் மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினார். ஐந்தாவதைச் சுட்டார்.

குழல் பிளந்துவிட்டது. ரைட்டர் தன் துண்டைக் கிழித்துக் கையைச் சுற்றினார். ஜீப்பில் பின்சீட்டில் நான் முதலாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பனியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது. பாதி வழியில் அவர் கண்ணைத் திறந்தார்.

"ஏப்பா, நாலாவது வெடி... சத்தம் கம்மியா இருந்துச்சோ?"

"தெரியலீங்க ஐயா."

"உனக்கு ஒண்ணும் வித்தியாசமாக் கேக்கலை?"

"எப்பவும் போலத்தானுங்க இருந்துச்சு."

அவர் துண்டு சுற்றிய கையைப் பார்த்தார். பிறகு, "எனக்குக் கம்மியாக் கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்ப என் காதுதான் போச்சு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருக்கு நான் சொன்ன அந்த ஒரு வரிப் பொய்யை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆனது. எழுத்துத் தெரியாமல் இல்லை.

மருந்தை எடை போட்டது தான்தான், பிழையும் தன்னுடையதுதான் என்று டாக்டரிடமும் விசாரிக்க வந்தவர்களிடமும் அவரே சொன்னார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. உடைந்து மிச்சமிருந்த துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டார், அச்சையும் தராசையும் பெட்டியில் போட்டு ஆணி அடிக்கச் சொன்னார், ஆணி அடித்தவன் நான். விரல் போனதை அவர் சீக்கிரம் மறந்துவிட்டார், அந்தக் கையாலேயே ஆரஞ்சு உரிப்பார், கணக்கெழுதும் காகிதத்தை அழுத்திப் பிடிப்பார். காதை மட்டும் அவர் மறக்கவில்லை. ஜீப் எஞ்சின் நன்றாகத்தான் ஓடும், "ஏதோ தட்டற மாதிரி இருக்குதே, உனக்குக் கேக்குதா?" என்பார். இரவில் மரம் முறிந்ததா, காட்டெருமை வந்ததா என்று ரைட்டரைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் படுப்பார். சரியாகக் கேட்ட காது அது. அதைக் கெட்டது என்று நம்ப வைத்தது நான். ஒரு மனிதன் தன் காதை நம்பாமல் இருபத்தைந்து வருடம் வாழ்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், காதை நம்ப முடியவில்லை என்று நீ போனில் சொன்னபோது எனக்கு அவர் குரல்தான் கேட்டது.

சொல்ல எனக்கு ஒரு நல்ல சந்தர்ப்பமும் வந்தது. நீ கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டு வாங்கிய முதல் மெடலைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாய், நினைவிருக்கிறதா? நான்தான் கூட்டிப் போனேன். அவர் மெடலை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு உன்னைச் சுடச் சொல்லவில்லை, கண்ணை மூடச் சொன்னார். மேசைமேல் இரண்டு காசை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, "எது தேஞ்ச காசு சொல்லு" என்றார். நீ "ரெண்டாவது தாத்தா" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, "எனக்குப் போனது உம்பொண்ணுக்கு இருக்குதப்பா" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்! உங்களுக்கும் போகவில்லை ஐயா என்று நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க" என்றேன். அந்த மழைக்காலத்திலேயே அவர் போய்விட்டார். இனி அதைச் சொல்ல எனக்கு அவர் இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன் வந்த மறுநாள் மஞ்சக்குட்டைக்குப் போகும் ஷேர் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "துப்பாக்கிக் குழலுக்குள்ள குண்டு நின்னுருக்கும்னு எம்பொண்ணு ஒரு பெரிய மனுசனையே நிறுத்துன்னு கத்தி நிறுத்திப்புட்டா" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்தில் பலாப்பழம் வைத்திருந்த அம்மா, "அப்பறம் குண்டு உள்ள இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க, காலியா இருந்துச்சு" என்றேன். "அப்பறம் என்னத்துக்குங்க பெருமை?" என்றாள். "அதுக்குத்தாங்க பெருமை" என்றேன். ஜீப்பே சிரித்தது. டிரைவர், "பெருசுக்கு எழுத்துப் படிச்சதுல தலை கொஞ்சம் சூடாயிருச்சு" என்றான். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்ல அந்த வழித்தூரம் போதவில்லை, அவ்வளவுதான்.

விளக்கம் இதுதான். நீ கத்திய நேரத்தில் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அந்தப் பெரிய மனிதருக்கும் தெரியாது. சிரித்தவர்கள் எல்லோருக்கும் குச்சி வெளியே வந்த பிறகுதான் தெரியும். எனக்கு அன்று நன்றாகத் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குச் சந்தேகம் மட்டும் இருந்தது, நீ திறந்தாய். இத்தனைக்கும் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, சத்தமே குறைவாக வெடிக்கும் மெல்லிய தோட்டாவில், நல்லது எது கெட்டது எது என்று ஒரு நொடியில் பிரிக்க வேண்டிய வேலை உன்னுடையது. அப்படிப்பட்ட இடத்தில் எப்போதும் சரியாகக் கேட்கிற காது யாருக்கும் கிடையாது. நிறுத்துகிற வாய்தான் வேண்டும், அது என் மகளுக்கு இருக்கிறது. எனக்குப் பிறந்த பிள்ளைக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். என்னிடமிருந்து இல்லை. வாணலியைச் சரிவில் எறிந்தவளிடமிருந்து வந்திருக்கலாம்.

அதற்காக நீ கேட்டது சரி என்று நான் சொல்ல மாட்டேன். தப்பாகக் கேட்டிருக்கிறாய், அது ஏன் என்று பார். பக்கத்து ஆளின் வெடியும் இவருடைய வெடியும் ஒன்றாகச் சேர்ந்ததால் குழம்பியிருக்கலாம் என்று நீயே சொன்னாய். அப்படியானால் நிற்கும் இடத்தை மாற்றிப் பார், காதோடு சேர்த்து மண்மேட்டில் தூசி எழுகிறதா என்று கண்ணாலும் பார். அந்தப் பெரிய மனிதரை மறுபடி பார்த்தால், அவருடைய ஆட்டம் கெட்டுப் போனதற்கு வருத்தப்படுகிறேன் என்று மரியாதையாகச் சொல். அவருக்கு அது நிஜமான நஷ்டம்தான். ஆனால் நிறுத்தியதற்கு வருத்தம் சொல்லாதே. அவர் கேட்டாலும் சொல்லாதே, செக்ரட்டரி எழுதிக் கொடு என்றாலும் கொடுக்காதே. ஸ்டோர் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. உனக்குப் பிடித்துப் போனால் சந்தோஷமாக அனுப்புவேன். உன் காதைப் பார்த்துப் பயந்து அங்கே போய் ஒளியக் கூடாது. நீ நகர்ந்த இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பார். உனக்கு நடந்ததைப் பார்த்தவராக இருப்பார். அவருக்கு "டுப்" என்று கேட்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நான் செய்ததைச் செய்வார்.

இதை முடித்ததும் உன் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். எழுத்துப் பிழை பார்க்கத்தான் என்று சொல்வேன். நாற்பது வருடம் பக்கத்தில் படுத்தவனைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது, அவள் என்ன சொல்வாளோ. எதுவானாலும் கேட்டுக்கொள்வேன். பிறகு நானே தபால் ஆபீசுக்குப் போய், உறையின் மேல் விலாசத்தை நானே எழுதிப் போடுவேன். முதல் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, வந்து சேர்ந்துவிடும்.

செக்ரட்டரி கேட்கும்போது சுடுதளம் என்று சொல், சாமி. போய் உன் இடத்தில் நில். மறுபடி சந்தேகம் வந்தால் மறுபடி கத்து. குச்சியை விட்டுப் பார். மறுபடியும் அது சுத்தமாக அந்தப் பக்கம் வந்தால், சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், பொறுத்து நில். பிறகு துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து, "இப்ப சுடுங்க ஐயா" என்று சொல்.

உன் அப்பா